ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்கள்

பெங்களூரில் வசிக்கும் பழைய மெட்ராஸ் சாப்பர்கள், அதாவது ராணுவப் பொறியியல் படைக்காரர்கள், ஒன்றுகூடுவதற்குத் தனியாக விழா எதுவும் தேவையில்லை. ராணுவ கேன்டீனில் ஒரு வரிசை, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். மருந்தகத்தில் சர்க்கரை மாத்திரைக்கு ஒரு வரிசை, நவம்பர் மாதம் வங்கியில் உயிர்வாழ் சான்றிதழுக்கு ஒரு வரிசை. நிற்கிற இடமெல்லாம் அவர்களுக்குச் சந்திப்புதான். இருவர் சந்தித்தால் முதல் கேள்வி எந்தக் கம்பெனி என்பது. இரண்டாவது கேள்வி முழங்கால் எப்படி இருக்கிறது என்பது.

அல்சூர் ஏரியை ஒட்டியிருக்கும் எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) சென்டரைச் சுற்றி, மர்பி டவுன், லிங்கராஜபுரம், பானஸ்வாடி என்று வீடு கட்டிக் குடியேறிவிட்டவர்கள் ஏராளம். வேலூர், திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் வந்து இறங்கி, சர்வீஸ் முடிந்ததும் ஊருக்குத் திரும்ப மனமில்லாமல் தங்கிவிட்டவர்கள். 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று, மெட்ராஸ் பயனியர்கள் என்ற பெயரில் இரண்டே கம்பெனிகளாகத் தொடங்கப்பட்ட படை அவர்களுடையது. பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, அடுத்தவன் புதைத்ததை எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. ராணுவத்தில் மற்றப் படையினர் இவர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். எழுபத்தைந்து வயதிலும் தம்பிதான்.

என் அப்பா அவர்களில் ஒருவர். சுபேதாராக ஓய்வு பெற்றார். 1987இல் இலங்கைக்குப் போனபோது ஹவில்தார். அங்கே அவரோடு இருந்தவர்கள் ஆண்டுக்கொரு முறை அல்சூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்கு எடுத்துச் சந்திப்பார்கள். பிரியாணி, கொஞ்சம் ரம், நிறையப் பொய். மனைவிமார் கூடத்தின் மறுபக்கம் உட்கார்ந்து, பிள்ளைகளுக்குப் பார்க்கும் வரன், பேரப்பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்று பேசிவிட்டு, ஐஸ்கிரீம் சாப்பிட்டு, கணவர்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள். சிறு வயதிலிருந்து நான் பார்த்துவரும் காட்சி இது. போன ஆண்டு அந்தக் கூடத்தில்தான் சுபேதார் மேஜர் மாமா, அடுத்த சந்திப்பை இலங்கையிலேயே வைத்துக்கொண்டால் என்ன, மனைவிமாரையும் அழைத்துக்கொண்டு போவோமே என்று கேட்டார்.

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

எதிர்த்தவர்களின் வாதம் எனக்குச் சரியாகத்தான் பட்டது. 1971 போரில் பங்கேற்ற இந்திய வீரர்களை வங்கதேசம் டிசம்பர் 16 வெற்றி நாளுக்கு டாக்காவுக்கு விருந்தினராக அழைத்திருக்கிறது, மனைவியரோடு சேர்த்தே. அங்கே போகிறவருக்கு மாலை காத்திருக்கும். நம்மை யார் அழைத்தார்கள்? 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட கையோடு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படை. முதல் இரண்டு மாதம் யாழ்ப்பாணத்து ஜனங்கள் மாலை போட்டார்கள், இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள், தமிழ்நாட்டில் எந்த ஊர் என்று விசாரித்தார்கள். அக்டோபரில் அதே தெருக்களில் விடுதலைப் புலிகளோடு சண்டை. சேர்ந்து வாழவைக்கப் போன படையைச் சிங்களவரும் வெறுத்தார்கள், தமிழரும் வெறுத்தார்கள். அடுத்து இலங்கை அதிபரான பிரேமதாசா வெளியேறச் சொன்னார். ராஜீவுக்குப் பின் பிரதமரான வி.பி. சிங் திரும்ப அழைத்துக்கொண்டார். 1990 மார்ச் 24 அன்று கடைசி அணி திரிகோணமலையிலிருந்து கப்பலேறியபோது இந்தியத் தரப்பில் 1,100 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். கார்கிலுக்கு ஜூலை 26 இருக்கிறது, வங்கதேசத்துக்கு டிசம்பர் 16 இருக்கிறது. 'ஆபரேஷன் பவன்' என்ற பெயரில் நடந்த இந்த யுத்தத்துக்கு நாட்காட்டியில் இடம் கொடுக்க நெடுங்காலம் யாருக்கும் தோன்றவில்லை.

ஆனாலும் போவது என்றே முடிவாயிற்று. அறுபதிலும் எழுபதிலும் இருப்பவர்களிடம் வேண்டாம் என்று வாதாடலாம், பிறகு போகலாம் என்று மட்டும் வாதாட முடியாது.

விண்ணப்பம் நிரப்பும் வேலை என் தலையில் விழுந்தது. கணினி தெரிந்த மகள், கல்யாணமாகியும் அதே நகரத்தில் இருப்பவள், வேறு யார் செய்வார்கள்? பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் ராணுவ ஆவணங்களின் விசித்திரம் எனக்குப் புரிந்தது. ஆள் சேர்ப்பு முகாமில் எழுத்தர் குத்துமதிப்பாக எழுதிய பிறந்த தேதி ஓய்வூதிய ஆணையில் ஒன்றாகவும், பள்ளிச் சான்றிதழில் வேறாகவும், ஆதாரில் மூன்றாவதாகவும் இருந்தது. மனைவியர் பாடு அதைவிட மோசம். கல்யாணமான புதிதில், குடும்ப விவரத்தை ராணுவப் பதிவேட்டில் ஏற்றும் 'பார்ட் டூ ஆர்டர்' போட்டபோது வடநாட்டு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள். குப்பம்மாள் குபாமா ஆகியிருந்தார். ஒரு பெரியம்மாவுக்கு அவருடைய மாமியார் பெயரையே எழுதி வைத்திருந்தார்கள். கணவர் இறந்தால் குடும்ப ஓய்வூதியம் அந்த மாமியாருக்குத்தான் போகும் என்று சொல்லிச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. முதலில் அந்தப் பெயரைத் திருத்த மனு எழுதிக் கொடுத்தேன். இலங்கைப் பயணத்தால் ஒரு நிரந்தர நன்மை விளைந்தது என்றால் அது இதுதான்.

அடுத்த சிக்கல் அறிவிப்பில் இருந்தது. 'தம்பதியர் மட்டும்' என்று எழுதியிருந்தார் சுபேதார் மேஜர் மாமா. அறைகள் இருவர் தங்குவதாக இருக்கின்றன, வேன் இருக்கைகளும் அப்படியே, கணக்குக்கு எளிது என்பது அவர் நினைப்பு. அம்மா அதைப் படித்துவிட்டு, தங்கவயல் அத்தைக்கு எந்த அறை என்று கேட்டார்.

தங்கவயல் அத்தை கோலார் தங்கவயலில் பிறந்தவர். அவருடைய அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கணவர் அப்பாவின் கம்பெனியில் சாப்பர். 1988இல் வவுனியாவுக்கு வடக்கே கண்ணிவெடி தேடிச் சாலை திறக்கப் போன அணியில் இருந்தார். திரும்பவில்லை. அத்தைக்கு அப்போது இருபத்து மூன்று வயது, கையில் ஒரு குழந்தை. ஆண்டுச் சந்திப்புக்கு அவரை அழைப்பார்கள், சால்வை போடுவார்கள், ராணுவ வழக்கப்படி 'வீர் நாரி' (வீரப் பெண்மணி) என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள், முன்வரிசையில் தனியாக உட்காரவைப்பார்கள். கௌரவம் எல்லாம் உண்டு. பட்டியலில் மட்டும் இடம் இல்லை. அம்மா போட்ட சண்டையின் முழு விவரம் இங்கே வேண்டாம். அத்தை வந்தார். என் அறையில் தங்கினார். அறைக் கணக்கும் சரியாக வந்துவிட்டது.

பெங்களூரிலிருந்து கொழும்புக்கு விமானம் ஏறி உட்கார்ந்து சாப்பிட்டு முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார்கள். ஹெப்பாளிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி போக இதைவிட நேரமாகும். தங்கியது வெள்ளவத்தையில், கடலை ஒட்டிப் போகும் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம். தமிழ்ப் பெயர்ப்பலகைகளையும் இட்லிக் கடையையும் பார்த்ததும் பெரியம்மாக்களுக்குப் பாதி பயம் போய்விட்டது.

மறுநாள் காலை பத்தரமுல்லை. நாடாளுமன்றத்துக்கு அருகில் இருக்கிறது இந்திய அமைதிப்படை நினைவகம். இலங்கை அரசு கட்டியது, 2008இல் முடிந்தது. டெல்லியில் தேசியப் போர் நினைவகம் திறக்கப்பட்டது 2019 பிப்ரவரியில். அதாவது, நம் வீரர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்துவைக்க, அவர்களை வெளியே போகச் சொன்ன நாடு நம்மைவிடப் பத்தாண்டு முந்திக்கொண்டது. அப்பாவின் தலைமுறைக்கு இதைச் சொன்னால் கோபம் வராது. கோபப்பட்டு அலுத்துவிட்டார்கள்.

ஆண்கள் பிளேசர் அணிந்து, பதக்கங்கள் குத்தி, வரிசையில் நின்று மலர்வளையம் வைத்தார்கள். யாரும் உத்தரவிடாமலே குதிகால்கள் ஒன்றாகச் சேர்ந்தன. கறுப்புக் கல்லில் பெயர்கள், மேலிருந்து கீழ் வரை. ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த பெயரைத் தேடினார்கள். பரம் வீர் சக்கரம் பெற்ற மேஜர் பரமேஸ்வரனை எல்லோருக்கும் தெரியும். பம்பாயில் பிறந்த தமிழர், மகார் ரெஜிமெண்ட், 1987 நவம்பர் 25. மற்றப் பெயர்கள் அவரவர் வீட்டுக்கு மட்டும் தெரிந்தவை.

தங்கவயல் அத்தை தன் கணவர் பெயரைக் கண்டுபிடித்தார். அழுவார் என்று எல்லோரும் தயாராக நின்றோம். ஒரு பெரியம்மா கைக்குட்டையைக்கூட எடுத்துவிட்டார். அத்தை கல்லின் மேல் விரலால் தடவி, தூசி இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, தினமும் துடைக்கிறீர்களா, மழைக்காலத்தில் பாசி பிடிக்காதா, எதைப் போட்டுத் துடைக்கிறீர்கள் என்று விசாரித்தார். அவருக்குத் தமிழ் அரைகுறை, அத்தைக்குச் சிங்களம் சுத்தமாகத் தெரியாது. இருந்தும் எல்லாக் கேள்விக்கும் பதில் வாங்கிவிட்டு, அவர் கையில் பணத்தைத் திணித்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

அன்றிரவு ஆண்கள் மொட்டைமாடிக்குப் போய்விட்டார்கள். கேன்டீன் ரம் ஒரு பக்கம், இலங்கைத் தென்னஞ்சாராயம் மறுபக்கம், எது உயர்ந்தது என்று ஆராய்ச்சி. கீழே கூடத்தில் பெண்கள் தட்டையும் முறுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்தக் கூடத்துக்காகத்தான்.

பேச்சை ஆரம்பித்தது அம்மா. 1987இல் நாங்கள் மர்பி டவுனில் வாடகைக்கு இருந்தோம். தெருவெல்லாம் தமிழர். ஒவ்வொரு வீட்டிலும் ஈழத்துக்காக உருகுகிறவர்கள். இரவில் பி.பி.சி. தமிழோசை வைத்தால் தெரு முழுவதும் ஒரே குரல் கேட்கும். அக்டோபருக்குப் பிறகு ஒரு நாள் குழாயடியில் ஒரு பெண்மணி, "உங்கள் வீட்டுக்காரர் நம் ஜனங்களைச் சுடத்தானே போயிருக்கிறார்?" என்று கேட்டார். அம்மா குடம் நிறையும் வரை நின்று, நிறைந்ததும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதன்பிறகு விடியற்காலை மூன்று மணிக்குத்தான் தண்ணீர் பிடிக்கப் போனார். எனக்கு அந்த மூன்று மணி நினைவிருக்கிறது. காரணம் அன்றுதான் தெரிந்தது.

அம்மா சொல்லி முடித்ததும் ஒருவர் பின் ஒருவராக ஆரம்பித்தார்கள். குடியாத்தம் பெரியம்மாவுக்கு மளிகைக்கடையில் அதே கேள்வி. சேலத்து அத்தையின் சொந்தத் தம்பி கல்லூரியில் கறுப்புக்கொடி பிடித்தவன். அக்கா கணவன் திரும்பி வரும்வரை அந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொன்னவன், திரும்பி வந்தபிறகும் மிதிக்கவில்லை. ஒரு பெரியம்மாவின் மகனிடம் பள்ளி ஆசிரியரே கேட்டிருக்கிறார். அந்த மகன் இப்போது ஹைதராபாதில் பெரிய வேலையில் இருக்கிறார், அந்த ஆசிரியர் பெயரைச் சொன்னால் இன்னமும் எழுந்து போய்விடுவாராம். பகல் முழுக்க இந்தக் கேள்வி, இரவு முழுக்கத் தந்திக்காரர் சைக்கிள் சத்தம் கேட்கிறதா என்ற பயம். கணவன் உயிரோடு வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ளப் போன கோயிலில், இங்கே யாருக்காக வேண்டுகிறோம் என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியக்கூடாது.

யாரும் கணவருக்கு எழுதவில்லை. இன்லண்டில் இடமில்லை என்று காரணம் சொன்னார் குடியாத்தம் பெரியம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு ஆச்சரியம் வேறு. இவர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டுதோறும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டவர்கள். பக்கத்து நாற்காலிக்காரிக்கும் அதே குழாயடி வாய்த்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அல்சூரில் அந்தப் பேச்சு எழவே எழாது. அங்கே அவர்கள் கணவர்களின் சந்திப்புக்கு வந்த விருந்தினர்கள். இங்கே யாருடைய ஊரும் இல்லை, அக்கம்பக்கம் இல்லை, சொன்னதை மறுநாள் குழாயடிக்குக் கொண்டுபோக ஆளில்லை. படைவீரர் சந்திப்புகளில் மனைவியரைச் சேர்த்துக்கொள்வது மரியாதைக்காக என்றுதான் ஆண்கள் நினைக்கிறார்கள். போரின் பாதிக் கதை அவர்களிடம்தான் இருக்கிறது, கேட்பதற்குத்தான் ஒருவரும் இல்லை.

அப்பாவுக்கு ஒரு மனக்குறை உண்டு. 1990 மார்ச்சில் கடைசியாகத் திரும்பிய வீரர்கள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஊரறிந்த செய்தி. அப்பா ஒவ்வொரு சந்திப்பிலும் அதைச் சொல்வார். அன்றிரவும் மாடியிலிருந்து அவர் குரல் கேட்டது, "ஒரு முதலமைச்சர் வரவில்லை." கீழே அம்மா முறுக்கை உடைத்துக்கொண்டே, "கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் இரண்டு பிள்ளைகளோடு நான் நின்றேன். அதை ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறாரா கேளுங்கள்" என்றார்.

யாழ்ப்பாணம் போவதா வேண்டாமா என்ற விவாதம் காலை உணவில் மறுபடி கிளம்பியது. பத்தரமுல்லையோடு திரும்பிவிடலாம் என்றார்கள் சிலர். என் கருத்தைக் கேட்டார்கள். போர் நடந்த ஊரில் போய்ச் சந்திப்பு வைத்தால், நாம் அழைக்காவிட்டாலும் அந்த ஊர்க்காரர்களும் அதில் ஓர் அங்கம், அவர்கள் எது கேட்டாலும் பதில் சொல்லத் தயார் என்றால் போகலாம் என்றேன். சுபேதார் மேஜர் மாமா யோசித்தார். பிறகு ஒரு தீர்வு கண்டுபிடித்தார். யாராவது கேட்டால் நாங்கள் எல்லோரும் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்கள்.

பதக்கங்கள் கழற்றப்பட்டு, ஒரு கைக்குட்டையில் சுற்றப்பட்டு, தட்டை கொண்டுவந்த எவர்சில்வர் டப்பாவுக்குள் போயின. பிளேசர்கள் பெட்டிக்குள். ரயில்வேக்காரர்கள் வேனில் ஏறினார்கள்.

வவுனியா தாண்டி ஏ-9 சாலையில் ஏறியதும் வேனில் பேச்சு குறைந்துவிட்டது. சாலை அருமையாக இருந்தது. ஆனால் மதகு வரும்போதெல்லாம் ஆண்கள் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து பார்த்தார்கள். கண்ணிவெடியை மதகுக்கு அடியில்தான் வைப்பார்கள். சாலையோரத்தில் புதிதாகக் கிளறிய மண், காரணமில்லாமல் ஒரு கல் குவியல், புல்லுக்குள் ஒரு கம்பி. அப்பாவின் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தது. பெங்களூரில் அப்பாவோடு நடந்தால் எரிச்சலாக இருக்கும். எந்த நேரமும் தோண்டிக்கிடக்கிற ஊர் அது, புதிதாக மூடிய பள்ளத்தின் மேல் கால் வைக்கவே மாட்டார், போக்குவரத்து நெரிசலுக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு போவார். வேட்டியில் சேறு படாமல் இருக்க என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

ஆனையிறவும் பளையும் தாண்டி முகமாலை. 2000த்துக்குப் பிறகு போரின் முன்னரங்காக இருந்த இடம். கண்ணிவெடி அகற்றும் வேலை அந்தப் பகுதியில் ஆண்டுக்கணக்காக நடந்துவருகிறது. ஹாலோ டிரஸ்ட் போன்ற அமைப்புகள் உள்ளூர்ப் பெண்களையே பழக்கி வேலைக்கு வைத்திருக்கின்றன. அவர்களில் போரில் கணவரை இழந்தவர்கள் நிறையப் பேர். இலங்கை 2017இல், கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தபிறகு காலக்கெடுவும் இருக்கிறது.

தேநீருக்கு நிறுத்திய கடையில் அப்படிப்பட்ட பெண்கள் சிலர் முழங்கால் பட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். சாப்பர்களை அதற்குமேல் பிடித்துவைக்க யாராலும் முடியாது. எப்படி எடுக்கிறீர்கள் என்று அப்பா கேட்டார். நீண்ட பிடி போட்ட வாரியால் மண்ணைப் பக்கவாட்டில் சுரண்டி இழுப்போம் என்றாள் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். வாரியாலா என்று மாமாக்கள் வாய்பிளந்தார்கள். அவர்கள் காலத்தில் மண்டியிட்டு, கூரான கம்பியை முப்பது டிகிரி சாய்வில் அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்ப்பது. ஜொனி மிதிவெடி மரப்பெட்டி, உள்ளே டெட்டனேட்டரும் பென்டார்ச் பேட்டரியும்தான் உலோகம், கருவி சத்தமே போடாது என்று ஒரு மாமா மேசைமேல் தேநீர்த் துளியைத் தொட்டுப் படம் வரைந்தார். பெட்டி உளுத்திருக்கும், கரையான் தின்றிருக்கும் என்றாள் அவள். அப்படியானால் பேட்டரியும் செத்திருக்குமே, பயமில்லையே என்றார் மாமா.

"செத்திருக்கும் என்று நம்பி என்னால் கை வைக்க ஏலாது ஐயா" என்றாள். பிறகு, "உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"ரயில்வே" என்றார் சுபேதார் மேஜர் மாமா.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

தங்கவயல் அத்தை அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சுரங்கத்தில் அவர் அப்பா வெடி வைத்த கதையைச் சொன்னார். பிறகு, வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டார். "2009இல்" என்றாள் அவள். "எனக்கு 1988" என்றார் அத்தை. அதற்குப் பிறகு பேச்சு பிள்ளைகளின் படிப்புக்குப் போய்விட்டது. சம்பளம் எவ்வளவு, பிடித்தம் உண்டா, காயம்பட்டால் காப்பீடு எவ்வளவு என்று எல்லாம் கேட்டுக்கொண்டார். ஓய்வூதியம் கிடையாது என்று கேட்டதும் அத்தையின் முகம் மாறியது. பத்தரமுல்லைக் கல்லின் முன்னால் வராத கோபம் அங்கே வந்தது.

யாழ்ப்பாணத்தில் தங்கியது நல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டில், மாடியை விருந்தினர் விடுதியாக்கி நடத்துகிறார் ஓர் அம்மா. இரவு உணவுக்குப் புட்டும் சொதியும் கத்தரிக்காய்ப் பொரியலும். எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். பெங்களூர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்கள் என்றார் மாமா. நல்லது என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தார் அந்த அம்மா.

காலையில் தேநீர்த் தட்டோடு மாடிக்கு வந்தவர் கதவருகே நின்றுவிட்டார். ஐந்து மணி. கட்டில்களில் போர்வைகள் செங்கல் அடுக்கியதுபோல மடித்து வைக்கப்பட்டிருந்தன. காலணிகள் நேர்கோட்டில். எல்லோரும் சவரம் செய்து முடித்திருந்தார்கள். ஒரு மாமா இன்னொருவரை "சாப்" என்று கூப்பிட்டதும் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"ரயில்வேயில் இப்படியெல்லாம் பழக்குகிறார்களா?" என்று கேட்டார்.

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா, "இந்தியன் ஆர்மி, அம்மா. எண்பத்தேழில் இங்கே இருந்தவர்கள்" என்று சொல்லிவிட்டார்.

அந்த அம்மா தட்டைக் கீழே வைத்தார். அவர் பேசியதை முடிந்தவரை அப்படியே தருகிறேன். படை வந்திறங்கியபோது மாலை கட்டியவர்களில் அவரும் ஒருவர், பத்தொன்பது வயது. அக்டோபரில் குண்டு விழுந்தபோது இதே நல்லூர்க் கோயிலுக்குள் ஆயிரக்கணக்கானவரோடு குடும்பமாக ஒதுங்கிக்கிடந்தார். அவர் அண்ணனை இந்தியப் படை பிடித்துக்கொண்டு போனது. சில மாதம் கழித்து விட்டார்கள், நடக்க முடியாத நிலையில். "பிறகு வந்தவர்கள் கொண்டுபோனவர்களைத் திருப்பித் தரவே இல்லை. அதனால் உங்கள் ஆட்களைக் கொஞ்சம் நல்லவர்கள் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. அது உங்களுக்குப் பெருமை இல்லை." கோபம் குரலில் இல்லை. தேநீர் ஆறிவிடும், எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

அப்போது ஒரு மாமா, நாங்களும் தமிழராகப் பட்டதுண்டு, 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தில் பெங்களூரில் எங்கள் தெருவே எரிந்தது என்று ஆரம்பித்தார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் தேநீரைக் குடிக்கத் தொடங்கிவிட்டார்.

ஊரைச் சுற்றிப் பார்க்க எங்கே போகலாம் என்று யாரோ கேட்டார்கள். பேச்சை மாற்றத்தான். நூலகம், கோட்டை என்று அந்த அம்மா சொன்னார். பிறகு, "பெரியாஸ்பத்திரிக்கும் போங்கள்" என்றார். 1987 அக்டோபர் 21, தீபாவளியை ஒட்டிய நாள். யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் இந்தியப் படை நுழைந்து சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் ஊழியர்களுமாக அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உள்ளேயிருந்து சுட்டார்கள் என்பது படை சொன்ன விளக்கம். உயிர்தப்பியவர்கள் அதை மறுத்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் மருத்துவமனையில் அஞ்சலி செலுத்துகிறார்கள். என் பள்ளிப் பாடத்தில் இது இல்லை. எங்கள் வீட்டுப் பேச்சிலும் இருந்ததில்லை.

வேன் அங்கே நின்றபோது சிலர் இறங்கவில்லை. நாங்கள் அந்த யூனிட் இல்லை, சாப்பர்கள் அன்று அங்கே இல்லவே இல்லை என்றார்கள். உண்மையாகவே இருக்கலாம். அப்பா இறங்கினார். வாசல் வரை போய், உள்ளே போகாமல், நோயாளிகளுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றார். யாரோ ஒருவர் எந்த வார்டுக்குப் போகவேண்டும் என்று கேட்டார். இல்லை, சும்மாதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை. அம்மா கேட்டிருப்பார், என்னிடம் சொல்லவில்லை.

புறப்படும்போது அந்த அம்மா கணக்குச் சீட்டு கொடுத்தார். அறை வாடகை, உணவு, காலையில் கூடுதலாகச் சாப்பிட்ட தோசைகள் எல்லாம் சரியாக எழுதியிருந்தது. தள்ளுபடி கேட்க மாமாவுக்கு வழக்கமாக வரும் துணிச்சல் அன்று வரவில்லை. தங்கவயல் அத்தை அவரிடம் தொலைபேசி எண் வாங்கிக்கொண்டார். இப்போது வாரம் ஒருமுறை பேசிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் பனங்கிழங்கு, மூட்டுவலித் தைலம், பேரப்பிள்ளைகள். முகமாலைப் பெண்ணின் மகளுக்குப் பெங்களூரில் நர்சிங் படிக்க இடம் கிடைக்குமா என்று அத்தை என்னை விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த முறை அல்சூர்க் கூடத்தில் நாற்காலிகளை இரண்டு பக்கமாகப் போட மண்டபத்துப் பையன்கள் வந்தபோது, வட்டமாகப் போடச் சொன்னார்கள் பெண்கள். ஆண்களுக்கு அது வசதியாக இல்லை, ரம் பாட்டிலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. குழாயடிக் கதையை அம்மா அப்பா முன்னாலேயே சொன்னார். அப்பா நெடுநேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தப் பெண்மணி யார், இப்போதும் மர்பி டவுனில்தான் இருக்கிறாரா என்று கேட்டார். செத்துப் பதினைந்து வருடமாகிறது என்றார் அம்மா.

அடுத்த வெளிநாட்டுச் சந்திப்பு திரிகோணமலையில். கடைசிக் கப்பல் புறப்பட்ட துறைமுகம் என்பதால் ஆண்கள் சம்மதித்தார்கள், கோணேசர் கோயில் இருப்பதால் பெண்கள் சம்மதித்தார்கள். அறிவிப்பில் 'தம்பதியர் மட்டும்' எடுக்கப்பட்டுவிட்டது. மருத்துவமனைக்கு இறங்காத இரண்டு மாமாக்கள் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள், யாரும் வற்புறுத்தவில்லை. தலைக்கு எவ்வளவு முன்பணம் என்பதில் இன்னும் சண்டை நடக்கிறது. ரயில்வே என்று சொல்லக்கூடாது என்ற தீர்மானம் மட்டும் ஒருமனதாக நிறைவேறியது. அதை முன்மொழிந்தவர் சுபேதார் மேஜர் மாமாவின் மனைவி.